ஒரு எழுத்துக்கு 2,500 ரூபாயா?

கம்மாபுரத்தில் நடந்த கம்ப்யூட்டர் பஞ்சாயத்து

கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு விலை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 2,500 ரூபாய் வித்தியாசம்.

"இரண்டும் ஒரே பெயர். ஒன்றில் கடைசியில் 'எக்ஸ்' என்று ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்கு 2,500 ரூபாயா? நீங்களே சொல்லுங்கள், தம்பி!"

இப்படிக் கேட்டுவிட்டு, சீட்டை என் கையில் திணித்தார் அந்த விவசாயி.

விருத்தாசலத்தில் இருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் இருக்கிறது, கம்மாபுரம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். சுற்றிலும் நெல் வயல். பக்கத்தில்தான் நெய்வேலி. வேறு ஒரு செய்தி சேகரிக்கப் போனவன், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் இரண்டு கட்சி.

மகள், சிதம்பரத்தில் என்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "எழுத்து இல்லாததே போதும், அப்பா" என்பது அவள் கட்சி.

மகன், பிளஸ்-2 மாணவன். "வாங்குவது ஒரு முறை. 'எக்ஸ்' இல்லாமல் வாங்கினால் வீண்" என்பது அவன் கட்சி.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. நெல் விற்ற பணம் அது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு காத்துக் கிடந்து, வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பணம். "எதை வாங்கினாலும் அது ஓட வேண்டும்" என்று மட்டும் சொன்னார். எல்லோரையும் விட அவர்தான் சரியாகப் பேசினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அது என்ன பிராசசர்?

சீட்டில் இருந்தவை இரண்டு பிராசசர்கள். ஒன்று 'ரைசன் 5 5600'. மற்றொன்று 'ரைசன் 5 5600 எக்ஸ்'. இரண்டையும் உருவாக்கியது ஏ.எம்.டி. என்ற அமெரிக்க கம்பெனி. 1969-ல் தொடங்கப்பட்ட கம்பெனி இது. அதற்கு ஒரு வருஷம் மூத்தது, இதன் போட்டியாளரான இன்டெல்.

பிராசசரைக் கம்ப்யூட்டரின் 'மூளை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. மூளை யோசிக்கும். இது யோசிக்காது. சொன்ன கணக்கை, சொன்னபடி, அசுர வேகத்தில் போடும். கணக்குப்பிள்ளை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

அந்த விவசாயிக்கு நான் நடவு வேலையை வைத்துச் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

வயலில் ஆறு பெண்கள் நாற்று நடுகிறார்கள். இந்தச் சிப்பிலும் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களை 'கோர்' என்பார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிசை கொடுத்திருக்கிறது. ஒரு வரிசைக்கு நாற்று வந்து சேரும் வரை சும்மா நிற்காமல், மற்ற வரிசையில் நடுவார்கள். ஆகவே வரிசை 12. இதைத்தான் கடைக்காரர் 'ஆறு கோர், பன்னிரண்டு திரெட்' என்கிறார்.

நடவுப் பாட்டுக்கு ஒரு தாளம் உண்டு அல்லவா? சிப்புக்கும் தாளம் உண்டு. அதை அளப்பது 'கிகா ஹெர்ட்ஸ்'. ஒரு கிகா ஹெர்ட்ஸ் என்றால், ஒரு விநாடிக்கு 100 கோடி தாளம்!

கை எட்டும் இடத்தில் நாற்று முடிகளைப் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு முடிக்கும் நாற்றங்காலுக்கு ஓடினால் வேலை நடக்குமா? சிப்புக்குள்ளும் அப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது. அதன் பெயர் 'கேஷ்'. நாற்றங்கால் என்பது வெளியே இருக்கும் 'ரேம்'.

"அட, இவ்வளவுதானா?" என்றார் விவசாயி.

இவ்வளவுதான்.

எதில் வித்தியாசம்?

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

ஆட்கள்? இரண்டிலும் ஆறு. வரிசை? இரண்டிலும் 12. பெரிய கேஷ்? இரண்டிலும் 32 மெகாபைட். செருகும் இடம்? ஒரே இடம்தான். 'ஏ.எம்.4' என்று பெயர். மின்சாரம்? இரண்டு பெட்டியிலும் 65 வாட் என்று போட்டிருக்கிறது. முழு மூச்சில் ஓடும்போது இரண்டுக்கும் வரம்பு 76 வாட். அதாவது சிப் மட்டும் 13 மணி நேரம் விடாமல் உழைத்தால், ஒரு யூனிட் மின்சாரம். இரண்டு பெட்டியிலும் ஒரு மின்விசிறி இனாம்.

தாளத்தில்தான் வித்தியாசம்.

'5600'-ன் உச்ச வேகம் 4.4 கிகா ஹெர்ட்ஸ். 'எக்ஸ்'-ன் உச்ச வேகம் 4.6. அதாவது விநாடிக்கு 20 கோடி தாளம் அதிகம்.

"இருபது கோடி!" என்று மகன் துள்ளினான்.

கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 440 கோடியில் 20 கோடி என்றால் எவ்வளவு? நூற்றுக்கு நாலரை.

ஒரு வேலையை '5600' ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையை 'எக்ஸ்' எப்போது முடிக்கும்? எல்லாம் அதற்குச் சாதகமாக நடந்தாலும் 57 நிமிஷம் 23 விநாடி ஆகும். ஒரு மணி நேரத்துக்கு மிச்சம், இரண்டரை நிமிஷத்துக்குச் சற்று மேல்!

பத்து விநாடி வேலையில் அரை விநாடி கூட மிச்சம் ஆகாது.

நடைமுறையில் இந்த அளவும் கிடைப்பது அரிது. கம்ப்யூட்டரின் நேரம் எல்லாம் பிராசசரிலேயே செலவாவதில்லை. ஒரு பைலைத் திறக்கும்போது எஸ்.எஸ்.டி.க்காகக் காத்திருக்கும். இணையப் பக்கம் திறக்கும்போது இணையத்துக்காகக் காத்திருக்கும். நடவுக்காரர் எவ்வளவு வேகமாக இருந்து என்ன, நாற்று வர வேண்டாமா?

மகன் விடவில்லை. "கேம் ஆடினால் தெரியும்" என்றான்.

அதையும் பார்ப்போம். ஒன்று விநாடிக்கு 100 படம் காட்டினால் மற்றது 104 காட்டும். சாதாரணத் திரை விநாடிக்கு 60 படம்தான் காட்டும். மிச்சம் நாலு படத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது? அது மட்டும் அல்ல. கேமின் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிராபிக்ஸ் கார்டு. அந்தப் பெயரைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டி முந்திரி

ஒரே மாதிரி இரண்டு சரக்கை எதற்காகச் செய்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்ல அமெரிக்கா போக வேண்டாம். பண்ருட்டி போனால் போதும்.

முந்திரிப் பருப்பைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே தோப்பில் விளைந்த கொட்டைதான். உடைத்த பிறகு பருப்பைப் பொறுக்குகிறார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 180 வரை நின்றால் அது பெரிய பருப்பு. அதற்கு '180' என்று பெயர். 320 வரை நின்றால் '320'. உடைந்தது வேறு கூடை. கூடைக்கு ஒரு விலை.

சிப் கதையும் இதுதான். சிலிக்கான் என்பது மணலில் இருந்து எடுக்கும் பொருள். அதை மிகச் சுத்தமாக்கி, 12 அங்குல அகலத்துக்கு வட்டத் தகடாக அறுக்கிறார்கள். இந்த சிப்புகளின் கணக்குப் போடும் பகுதி தைவான் நாட்டில், டி.எஸ்.எம்.சி. என்ற கம்பெனியின் ஆலையில், அந்தத் தகட்டின் மீது பொறிக்கப்படுகிறது. கட்டை விரல் நகத்துக்குள் அடங்கிவிடும் ஒரு துண்டில் சுமார் 415 கோடி டிரான்சிஸ்டர்கள்! 1971-ல் இன்டெல் விற்ற முதல் மைக்ரோ பிராசசரில் இருந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 2,300.

இவ்வளவு நுட்பமான வேலையில் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வந்துவிடாது. ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். பிறக்கும்போது துண்டுக்கு எட்டு கோர். எட்டும் நன்றாக இருந்தால் விலை உயர்ந்த பெயர். ஒன்றிரண்டு பழுதானால் அவற்றை அடைத்துவிட்டு, ஆறு கோர் சிப்பாக விற்கிறார்கள். (தேவை அதிகமானால் நல்ல கோரையும் அடைத்து விற்பது உண்டு.) அந்த ஆறிலும் வேகமாக ஓடுவது ஒரு கூடை. சற்று நிதானமாக ஓடுவது இன்னொரு கூடை.

இதில் மோசடி எதுவும் இல்லை. பலாப் பழத்தில் இரண்டு சுளை கெட்டால் பழத்தையே குப்பையில் போடுகிறோமா?

'எக்ஸ்'தான் முதலில் வந்தது. 2020 நவம்பரில், 299 டாலர் அறிமுக விலையில். எழுத்து இல்லாத '5600' ஒன்றரை வருஷம் கழித்து, 2022 ஏப்ரலில், 199 டாலர் விலையில் வந்தது. ஒன்றரை வருஷம் பொறுத்தவர்கள் நூறு டாலர் குறைவாகக் கொடுத்து, ஏறக்குறைய அதே பொருளை வாங்கினார்கள்.

சென்னையில் பிறந்த இரட்டையர்

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 'சக்தி' என்ற பெயரில் பிராசசர் வடிவமைத்தார்கள். 2018-ம் வருஷம் அதில் இரண்டு சிப்புகள் வெளிவந்தன. ஒன்று 'ரைஸ்கிரீக்'. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில், 22 நானோ மீட்டர் முறையில் செய்தது. மற்றொன்று 'ரிமோ'. சண்டிகர் அருகே உள்ள நம் அரசாங்க செமிகண்டக்டர் ஆய்வகத்தில், 180 நானோ மீட்டர் முறையில் செய்தது. ஒரு நானோ மீட்டர் என்பது ஒரு மில்லி மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த எண் சிறிதாக ஆக ஆக, வேலை நுணுக்கம் என்று அர்த்தம்.

வடிவமைப்பு ஒரே வகைதான். ஆனால் ரைஸ்கிரீக்கின் வேகம் 350 மெகா ஹெர்ட்ஸ். ரிமோவின் வேகம் 70. ஐந்து மடங்கு வித்தியாசம்!

ஒரு எழுத்துக்காக நாம் சண்டை போடுவது நாலரை சதவீதத்துக்கு. ஆலை மாறினால் ஐந்து மடங்கு. ஆனாலும் ரிமோவைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு. இங்கேயே வடிவமைத்து, இங்கேயே செய்தது அல்லவா?

வேகத்தின் எண் மட்டும் எல்லாவற்றையும் சொல்லாது என்பதற்கு இன்னொரு சாட்சி. 2004-லேயே இன்டெல் 'பென்டியம் 4' பிராசசர் 3.8 கிகா ஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. இன்றைய சிப்புக்கு முன்னால் அது நிற்குமா? நிற்காது. அதில் ஆள் ஒருவர்தான். அவரும் தாளத்துக்குக் குறைந்த நாற்றுத்தான் நடுவார்.

மோட்டாரை மட்டும் மாற்று!

மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். 'எக்ஸ்'-க்கு ஒரு நீளக் கோடு. மற்றதற்குக் குட்டைக் கோடு. பாதி கூட இல்லை!

கோட்டின் அடியில் இருந்த எண்ணைப் பார்க்கச் சொன்னேன். கோடு பூஜ்யத்தில் இருந்து தொடங்கவில்லை. 90-ல் இருந்து தொடங்கியது. பனை மரத்தையும் தென்னை மரத்தையும் உச்சி மட்டும் தெரியும்படி படம் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு மோட்டாரில் எது நன்றாகத் தண்ணீர் இறைக்கிறது என்று எப்படிப் பார்ப்பீர்கள்? அதே கிணறு. அதே ஆழம். அதே குழாய். மோட்டாரை மட்டும் மாற்றுவீர்கள். பிராசசரைச் சோதிப்பதும் அப்படித்தான். அதே மதர்போர்டு, அதே ரேம், அதே அறை, அதே வேலை. ஒரு தடவைக்கு மூன்று தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். 'சினிபெஞ்ச்' என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது. சிப்புக்கு ஒரு படம் வரையும் வேலை கொடுத்து மார்க் போடும்.

அறையின் சூட்டையும் கவனிக்க வேண்டும். '5600' தாங்கும் உச்ச வெப்பம் 90 டிகிரி. அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயில். கதிர் அடிக்கும் தூசி. மின்விசிறியில் அந்தத் தூசி அடைத்துக்கொண்டால் 'எக்ஸ்' தரும் நாலரை சதவீதமும் அங்கேயே போய்விடும்.

சீட்டில் இல்லாத வரி

பஞ்சாயத்து முடிகிற நேரம். மகள் கட்சி ஜெயித்துவிட்டது. அப்பா பேனாவை எடுத்து 'எக்ஸ்' வரியை அடிக்கப் போனார்.

சீட்டை மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். பிராசசர். மதர்போர்டு. 16 ஜி.பி. ரேம். எஸ்.எஸ்.டி. பெட்டி. பவர் சப்ளை. மானிட்டர். கீபோர்டும் மவுசும்.

எட்டு வரி. திரும்ப எண்ணினேன். எட்டுதான்.

"கிராபிக்ஸ் கார்டு எங்கே?"

"அது தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்லிவிட்டேன், அண்ணா. முதலில் கம்ப்யூட்டர் வரட்டும். அக்கா படிக்கட்டும்" என்றான் மகன்.

நல்ல எண்ணம்தான். ஆனால் 5600, 5600 எக்ஸ் இரண்டிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இரண்டுக்கும் திரையில் படம் காட்டத் தெரியாது! அந்த வேலைக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது இல்லாமல் வாங்கினால் சுவிட்சைப் போடலாம். விசிறி சுற்றும். விளக்கு எரியும். திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். தீபாவளி வரை!

வீட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

ஒரு எழுத்துக்காக இரண்டு நாள் சண்டை போட்டவர்கள், உண்மையில் பார்க்க வேண்டிய எழுத்து வேறு. அது 'ஜி'.

'ரைசன் 5 5600 ஜி' என்று ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. அதிலும் ஆறு கோர், 12 திரெட். உச்ச வேகம் 4.4. படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது. கார்டு இல்லாமலே திரை எரியும். மகள் புரோகிராம் எழுதலாம், பாடப் படங்கள் வரையலாம், வகுப்பு கேட்கலாம். சிறிய கேம்களும் ஓடும்.

குறை இல்லையா? உண்டு. இது முந்திரியில் வேறு கூடை அல்ல. மரமே வேறு. கேஷ் பாதிதான், 16 மெகாபைட். பின்னால் நல்ல கார்டு போட்டு கேம் ஆடினால், 5600 இதை முந்திவிடும். கார்டோடு பேசும் பாதையும் ஒரு தலைமுறை பழையது. இதை மகனிடம் மறைக்காமல் சொன்னேன். முகம் சற்று வாடியது.

கார்டுக்கு இப்போதே பணம் இருந்தால் எழுத்து இல்லாத 5600-தான் என் கட்சி. 'எக்ஸ்'-ம் அதே விலைக்குக் கிடைத்தால் அதையே எடுக்கலாம், தவறு இல்லை. கார்டுக்குப் பணம் இல்லை, கம்ப்யூட்டர் இப்போதே வேண்டும் என்றால் 'ஜி'. இன்னும் பணம் போட முடிகிறவர்களுக்கு 2022-ல் 'ஏ.எம்.5' என்ற புதிய வரிசையே வந்துவிட்டது. அதில் பெரும்பாலான சிப்புகளுக்குப் படம் காட்டத் தெரியும். ஆனால் மதர்போர்டும் ரேமும் புதிதாக வேண்டும்.

இன்னொரு வரியையும் மாற்றச் சொன்னேன். 16 ஜி.பி. ரேம் ஒரே துண்டாக எழுதியிருந்தது. அதை எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு கேளுங்கள் என்றேன். 'ஜி' படம் காட்டுவதற்கும் இந்த ரேமையே பயன்படுத்துகிறது. நாற்றங்காலுக்கு ஒரு வரப்புக்குப் பதில் இரண்டு வரப்பு இருந்தால் நாற்று எவ்வளவு சீக்கிரம் வரும்! 'எக்ஸ்' என்ற எழுத்து தருவதை விட, படம் காட்டும் வேலையில் இந்த இரண்டு துண்டு தருவது அதிகம்.

அப்பா கடைக்குப் போன் போட்டார். 'ஜி' இருக்கிறதாம். விலை, சீட்டில் உள்ள இரண்டுக்கும் நடுவில்.

"மிச்சம் ஏதாவது இருந்தால் ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள். மின்சாரம் போனால் எழுதியது எல்லாம் போய்விடும் என்று சொல்கிறாளே" என்று உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. நெய்வேலி பக்கத்தில் இருந்தும் இப்படியா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்பா சீட்டில் 'எக்ஸ்' வரியை அடித்தார். அதற்கு மேல் இருந்த வரியில் 5600-க்குப் பக்கத்தில் பெரிதாக 'ஜி' என்று எழுதினார். 16-ஐ அடித்துவிட்டு 8, 8 என்று போட்டார். சீட்டை மடித்து மகன் சட்டைப் பையில் வைத்தார்.

"விருத்தாசலம் பஸ் வந்துவிடும். கிளம்பு."

மகன் செருப்பை மாட்டினான். வாசலில் நின்று திரும்பினான்.

"அப்பா, தீபாவளிக்குக் கார்டு உண்டுதானே?"

"குறுவை அறுக்கட்டும். பார்க்கலாம்" என்றார் அப்பா.